நிலம் கைக்கு வரும்வரை: தகரப்பேணியில் பூச்செடி

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையால் மாத்தளை மாவட்ட மலைச்சரிவுகளில் மண் சரிந்தது. பயிர் செய்து வாழ்ந்த குடும்பங்கள் பல, வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறின. இன்று நாம் குடியிருக்கும் முற்றம் நமதல்ல. எத்தனை நாள் இங்கே என்பதும் தெரியாது. ஆகவே நிலத்தைக் கொத்தாமல் வளர்த்து, போகும்போது கையோடு கொண்டு செல்லக்கூடிய பயிரொன்றைப் பற்றி இப்பாடத்தில் படிப்போம்.

எந்தப் பூ?

நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல் உள்ளது. அங்கே செழிக்கும் பான்சி, மாத்தளை நகர்ப்புற வெயிலில் வாடிவிடும். றத்தோட்டை, எல்கடுவை மலைப்பகுதிகளில் இருப்போர் மார்கழி, தைக் குளிரில் பெற்றூனியா, டயன்தஸ் வளர்த்துப் பார்க்கலாம். மேட்டிலும் பள்ளத்திலும் நம்பி நடக்கூடியது செண்டுப்பூ. சிங்கள அயலவர் இதனைத் தாஸ்பெத்தியா என்பர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்த்திருவிழாவுக்கு மாலைப் பூ வேண்டும். விதைத்து ஏறத்தாழ 60 முதல் 75 நாட்களில் இது பூக்கும். எனவே கார்த்திகைப் பிற்பகுதியில் விதைப்பது நல்லது.

செய்முறை

1. பழைய பெயின்ற் பேணி, பசளைப் பை எதுவும் போதும். நன்கு கழுவி, அடியில் நான்கைந்து துளையிடுங்கள். பூச்சிநாசினி இருந்த கலன்களைத் தொடவேண்டாம்.

2. மேல்மண், மணல், மக்கிய சாணம் அல்லது கூட்டெரு ஆகியவற்றைச் சம அளவில் கலவுங்கள். சரிந்த இடங்களுக்கு மண் எடுக்கப் போகவேண்டாம். அங்கே மண் இன்னும் நகரலாம்.

3. துளையிட்ட சிரட்டையில் விதைத்து மெல்லிய மண்ணால் மூடுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும். மூன்று, நான்கு வாரங்களில் பேணிக்கு ஒரு நாற்றாக நடுங்கள்.

4. செடி வேரூன்றி அரையடிக்கு மேல் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பூ சில நாள் பிந்தும். ஆனால் பக்கக் கிளைகள் விட்டுக் கூடுதலாகப் பூக்கும்.

5. விரலால் மண்ணைத் தொட்டு, காய்ந்திருந்தால் மட்டும் காலையில் நீர் ஊற்றுங்கள். அடைமழையில் பேணியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். அடித்தட்டில் நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும்.

6. நல்ல பூக்கள் சிலவற்றைச் செடியிலேயே காயவிட்டு விதை எடுங்கள். கடையில் வாங்கிய கலப்பின விதையாயின் அடுத்த தலைமுறை அதே போல் வராது. நாட்டு விதையே சேமிக்க ஏற்றது.

ஓர் எச்சரிக்கை

இதற்காகக் கடன் படவேண்டாம். பத்துப் பேணியின் பூ குடும்பத்தைத் தாங்காது. முதலில் மாலை கட்டுவோரிடம் விலை விசாரித்து, அதன்பின் தொகையைக் கூட்டுவோம். ஆனால் ஒரு சிரட்டை விதை நம் கையில் இருந்தால், நிலம் கிடைக்கும் அன்றே விதைக்கலாம்.

கூடிப் பேசுவோம்

1. நம்மிடம் பேணிகள் எத்தனை உள்ளன?
2. நாற்றுகளைச் சேர்ந்து வளர்த்தால் யார் யார் எந்நாளில் பார்ப்பது?
3. விட்டுவந்த தோட்டத்தின் விதை எவரிடமாவது உள்ளதா?