புரியவில்லை என்று சொல்லப் பழகு

உனக்கு பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் இடம் கிடைத்துவிட்டதென்று உன் அப்பா போன் செய்தான். குரலில் பாதி சந்தோஷம், பாதி சந்தேகம். "இதைப் படிச்சா என்னக்கா ஆவா?" என்று கேட்டான். அவனுக்குத் தனியாகப் பதில் சொல்லிக்கொள்கிறேன். இது உனக்கு. அரசுக் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் நான். ஆறு செமஸ்டர் பாடத்தையும் உன் ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பாடத்தின் முன்னால் உட்காரப்போகிற பெண்ணிடம்தான் அத்தைக்குப் பேச வேண்டியிருக்கிறது.

1. புரியாவிட்டால் தலையாட்டாதே. முதல் வாரத்திலேயே ஏதாவது ஒரு பழைய கவிதையை நடத்திவிட்டு, "புரிகிறதா?" என்று கேட்பார்கள். வகுப்பு முழுவதும் தலையாட்டும். கணக்கு புரியவில்லை என்று சொல்ல யாரும் கூசுவதில்லை. கணக்கு கஷ்டம், அவ்வளவுதான். இங்கிலீஷ் புரியவில்லை என்றால் மட்டும் நாம் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், அப்பா என்ன வேலை என்று எல்லாமே வெளியே தெரிந்துவிடுவதுபோல ஒரு பயம். அந்தப் பயத்தில் மூன்று வருஷமும் தலையாட்டியே பட்டம் வாங்கிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை பிரவுனிங்கின் 'மை லாஸ்ட் டச்சஸ்' நடத்திக்கொண்டிருந்தேன். 1842இல் வந்த கவிதை. ஒரு பிரபு, செத்துப்போன தன் மனைவியின் ஓவியத்தைத் திரை விலக்கிக் காட்டியபடி பேசிக்கொண்டே போகிறான். பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, "மேடம், இந்த ஆளு யார்கிட்ட பேசுறான்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கவிதையில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். கேட்டுக்கொண்டிருப்பவன், அடுத்த கல்யாணத்துக்குச் சம்பந்தம் பேச வந்திருக்கும் தூதன். கவிதை முடியப்போகும் இடத்தில்தான் அது நமக்குத் தெரிகிறது. தெரிந்ததும் மேலே படித்த ஒவ்வொரு வரியும் வேறு முகம் காட்டும். சிரித்தவர்கள் யாரும் அந்த வாசலுக்கே வரவில்லை. அவன் வந்து கதவைத் தட்டினான்.

2. கைடு வாங்காதே என்று சொல்லமாட்டேன். சொன்னாலும் வாங்குவாய். முதலில் கவிதை, பிறகு கைடு என்கிற வரிசையை மட்டும் மாற்றாதே. கைடை முதலில் படித்துவிட்டால் கவிதையில் உனக்கென்று பார்க்க எதுவும் மிச்சமிருக்காது.

வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் மலர்க் கவிதை பள்ளிக்கூடத்திலிருந்தே உன்னைத் துரத்தி வந்திருக்கும். நம் பிள்ளைகள் நோட்டில் அதற்குப் பக்கத்தில் சூரியகாந்தியை வரைந்து வைப்பார்கள். பாவம், அந்தப் பூவை அவர்கள் எங்கே பார்த்தார்கள்? 'இயற்கையை வழிபட்ட கவிஞர், தனிமையில் நடந்தபோது கண்ட காட்சி' என்று கைடில் இருக்கும், விடைத்தாளிலும் அதுவே வரும். நடந்தது வேறு. 1802 ஏப்ரல் 15, அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை, பலத்த காற்று. கவிஞரோடு அவர் தங்கை டோரத்தியும் நடந்துகொண்டிருந்தாள். அந்தப் பூக்களைப் பற்றித் தன் நாட்குறிப்பில் முதலில் எழுதிவைத்தவள் அவள்தான். களைத்துப்போய்க் கல்லின்மேல் தலை சாய்த்த பூக்கள்கூட அவள் குறிப்பில் உண்டு. அண்ணன் கவிதை எழுதியது ஏறத்தாழ இரண்டு வருஷம் கழித்து; அச்சில் வந்தது 1807இல். கவிதையில் தங்கை இல்லை, அவர் தனியாகத்தான் திரிகிறார். கடைசிப் பத்தியில் எல்லாரும் கொண்டாடும் இரண்டு வரிகள் தன் மனைவி மேரி சொன்னவை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். தங்கையின் கண், மனைவியின் வரி, தனிமை மட்டும் கவிஞருடையது! இதற்காக அவரைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. கூட நடந்தவளை ஏன் விட்டார், இரண்டு வருஷம் ஏன் காத்திருந்தார், விட்டதால் கவிதைக்கு என்ன கிடைத்தது என்று கேட்டுப் பார். உன் பதில் தப்பாகவே இருக்கட்டும். அது உன்னுடையதாக இருக்குமல்லவா?

3. பெரிய பெயருக்குப் பயந்து பாராட்டாதே. கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர், எழுதியவர் பெயரை மறைத்துவிட்டு மாணவர்களிடம் கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். அப்படி 13 கவிதைகளுக்கு வந்த பதில்களை வைத்து 1929இல் ஒரு புத்தகமே போட்டார். அந்தப் பெரிய படிப்பாளிகள் பெரும் கவிஞர் ஜான் டன்னைத் தூக்கி எறிந்திருந்தார்கள், யாரோ ஒருவரின் சுமாரான கவிதையைத் தலையில் வைத்து ஆடியிருந்தார்கள். நீயும் பெயரைக் கையால் மூடிக்கொண்டு படித்துப் பார். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுது. எந்த வரியில் பிடிக்காமல் போனது என்பதையும் சேர்த்து எழுது. காரணம் சொல்லாத வெறுப்பும் கைடு பார்த்து எழுதிய பாராட்டும் எனக்கு ஒன்றுதான்.

4. உன் உச்சரிப்பை நினைத்துக் கூசாதே. கான்வென்ட்டில் படித்துவிட்டு வந்த இரண்டு மூன்று பேர் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். அவர்கள் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய எழுத்துப் பட்டறை உலகப் புகழ் பெற்றது. 1945இல் ஜார்ஜியா மாநிலத்துப் பெண்ணொருத்தி அங்கே போய் நின்றாள். அவளும் அமெரிக்கப் பெண்தான், தாய்மொழியும் ஆங்கிலம்தான். ஆனாலும் அவள் தெற்கத்திப் பேச்சு பட்டறையை நடத்திய பால் எங்கிளுக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. கடைசியில் காகிதத்தைக் கொடுத்து எழுதிக் காட்டச் சொன்னாராம். அவள்தான் ஃபிளானரி ஓ'கானர். பின்னாளில் அந்தத் தெற்கத்திப் பேச்சைக் கதைகளில் அவள் எழுதியதுபோல எழுத ஆளில்லை. தாய்மொழிக்காரிக்கே அந்தக் கதி என்றால், நமக்கு என்ன வெட்கம்? தெளிவாகப் பேசு, அது போதும்.

5. கட்டுரை எழுதச் சொன்னால் உன் வீட்டுக்குப் போ. இதைத்தான் நிறையச் சொல்ல ஆசைப்படுகிறேன். முதல் செமஸ்டரில் 'என் வீடு' என்று தலைப்புக் கொடுத்தால் 60 பேரும் ஒரே கட்டுரையைத் தருவார்கள். வீடு கோயில், அம்மா தெய்வம், முன்னால் ஒரு தோட்டம். ஓட்டு வீட்டுப் பிள்ளைகளும் தோட்டத்தை எழுதுவார்கள், எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது அப்படி.

அப்படி வந்த தாள்கட்டில் ஒருமுறை விசைத்தறிக் குடும்பத்துப் பெண்ணொருத்தியின் தாளும் இருந்தது. காலம் எல்லாம் குழம்பிக் கிடந்தது. நேற்று நடந்ததும் நாளை நடக்கப்போவதும் ஒரே வினைச்சொல்லில் வந்தன. ஆனால் நடுவில் ஒரு பத்தி. தறி ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி எங்கள் வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். கரண்ட் போனால் தறி சட்டென்று நின்றுவிடும், நாங்கள் மட்டும் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டே இருப்போம், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெட்கப்பட்டு நிறுத்துவோம் என்று எழுதியிருந்தாள். கல்லூரி விட்டு வந்து தார் சுற்றிக் கொடுக்கிற பெண் அவள். இரைச்சல் நின்ற அந்த நொடியை எந்தக் கைடிலிருந்தும் அவள் எடுத்திருக்க முடியாது. ஸ்டாஃப் ரூமில் பக்கத்து மேசைக்காரரிடம் படித்துக் காட்டினேன். "கிராமர்?" என்றார். கிராமரைச் சொல்லிக்கொடுக்கத்தானே நமக்குச் சம்பளம் என்றேன். அவள் வாக்கியங்களை உட்காரவைத்துத் திருத்தினோம். கல்லூரி மலரில் வந்தது. காலமும் எழுவாயும் பயனிலையும் பழகப் பழக வந்துவிடும். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் துணிச்சலை யாரும் மார்க் போட்டு வரவழைக்க முடியாது.

6. இப்போது கைப்பேசியில் கேட்டால் கட்டுரை முழுசாக வந்து விழுகிறது. அசைன்மென்டுக்கு இன்டர்னல் மார்க்கும் விழும். மொத்தமே 25, அதற்காக உன் கை எழுதப் பழகாமல் போய்விட்டால் மிச்சம் 75க்குத் தேர்வு மண்டபத்தில் யாரைக் கேட்பாய்? அவ்வளவுதான், இதற்கு மேல் நீதி போதனை வேண்டாம்.

7. உன் எழுத்தை வெட்ட விடு. படைப்பெழுத்துப் பாடம் இப்போது பல கல்லூரிகளில் வந்துவிட்டது. கவிதையோ கதையோ வகுப்பில் படித்ததும் யாராவது ஒருவர் "முதல் பக்கம் வேண்டாமே" என்பார். நெஞ்சு அடைக்கும். அன்றைக்குப் பதில் பேசாதே, தூங்கி எழுந்து பார். டி.எஸ். எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' 1922இல் வந்தது. அதன் கைப்பிரதி 1971இல் நூலாக வெளிவந்தது. நூலகத்தில் இருந்தால் எடுத்துப் புரட்டு. நண்பர் எஸ்ரா பவுண்டின் கோடுகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன, நீண்ட பகுதிகள் அப்படியே போயிருக்கின்றன. இன்று உலகமே அறிந்த அந்த ஏப்ரல் தொடக்கம் கைப்பிரதியில் தொடக்கமே இல்லை; அதற்கு முன்னால் பாஸ்டன் நகரத்து இரவுக் கூத்து ஒன்று 50 வரிக்கு மேல் இருந்தது. அதை எலியட்டே அடித்துவிட்டார். வெட்டிய நண்பருக்கே கவிதையைக் காணிக்கையாக்கினார் அவர். நாமோ ஒரு காற்புள்ளியை எடுத்தாலே ஒரு வாரம் பேச்சை நிறுத்திவிடுவோம்! ஆனால் எல்லார் பேச்சையும் கேட்டு வெட்டாதே. உன் எழுத்து நன்றாக வர வேண்டும் என்று விரும்புகிறவர் யார், தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வெட்டுகிறவர் யார் என்று கண்டுகொள்ளவும் கற்க வேண்டும்.

8. பார்ட் ஒன் தமிழ் வகுப்பில் உட்கார்ந்து மெயின் அசைன்மென்ட் எழுதாதே. ஏ.கே. ராமானுஜன் மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்து, கொல்லம், பெல்காம், பரோடா என்று ஆங்கிலமே சொல்லிக்கொடுத்தவர். 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடப் போனவர் கையில் சங்கப் பாட்டுத் தொகுப்பு அகப்பட்டது. 1967இல் குறுந்தொகைப் பாடல்களை அவர் ஆங்கிலத்தில் தந்தபோதுதான் வெளியுலகில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. வீட்டில் தமிழ் பேசிய மனிதருக்கு அந்தப் பாட்டைக் கண்டெடுக்கச் சிகாகோ வரை போக வேண்டியிருந்தது. உனக்கு அடுத்த பிளாக் வரை நடந்தால் போதும்.

9. தாழ்வும் வேண்டாம், துரைசானித்தனமும் வேண்டாம். இது இரவல் படிப்பு என்று யாராவது சொன்னால் ஒன்றைச் சொல்லி வை. கல்கத்தா இந்துக் கல்லூரியில் 1830களிலேயே ஷேக்ஸ்பியரைப் பாடமாகப் படித்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில இலக்கியத்துக்கென்று தனிப் பட்டப்படிப்பு தொடங்கியது 1894இல்தான். நம்மை ஆளுவதற்கு வசதியாக இருக்கும் என்றுதான் இங்கே கொண்டுவந்தார்கள், அதையும் மறைக்க வேண்டாம். வந்தது எப்படியோ வந்தது, படிக்கிறவர்கள் நாம். அதற்காக இரண்டாம் வருஷம் வீட்டுக்கு வந்து, பாட்டி 'ஆப்பாயில்' என்று சொன்னதைத் திருத்திக்கொண்டிருந்தாயானால் அத்தை உன்னோடு பேசமாட்டேன்.

10. அரியர் விழுந்தால் விழட்டும். ஆர்.கே. நாராயண் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தவறி ஒரு வருஷம் வீட்டில் இருந்தார், பி.ஏ. முடிக்கவும் கூடுதலாக ஒரு வருஷம் ஆனது. அந்த வீட்டிலிருந்த வருஷத்தில் நிறையப் படித்தார். 1935இல் 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' வருவதற்குள் அதைப் பதிப்பாளர்கள் பலர் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அழுதால் ஒரு நாள் அழு. மறுநாள் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பழைய கேள்வித்தாளை எடு.

11. நூலக அட்டையை முதல் வாரத்திலேயே வாங்கிவிடு. நூலகரிடம் மரியாதையாகப் பழகு. எந்தப் புத்தகம் எங்கே தூங்குகிறது என்று துறைத் தலைவரைவிட அவருக்குத்தான் தெரியும். நல்ல அகராதி ஒன்று வேண்டும். இலக்கியச் சொற்களுக்கு எம்.ஹெச். ஏப்ரம்ஸ் எழுதியது என் அலமாரியில் இருக்கிறது, அட்டை கிழிந்த பழைய பதிப்பு. தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ. ஓரத்தில் பென்சிலால் நான் எழுதிவைத்திருப்பதை மட்டும் நம்பாதே. அதில் பாதியை இப்போது நானே ஒத்துக்கொள்ள மாட்டேன்.