மனம் திறந்து சொல்லுதல்

திருப்பதி மாவட்டத்து நாகலாபுரம், கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாம்பாவின் பெயரை வைத்த ஊர். அங்குள்ள வேதநாராயணர் கோயிலில் ஆண்டுதோறும் மார்ச் மாத இறுதியில் மூன்று நாட்கள், மாலைக் கதிரவனின் ஒளி கருவறைக்குள் புகுந்து இறைவனின் பாதம் தொடங்கித் திருமுடி வரை படிகிறது. மனித உள்ளமும் ஒரு கருவறையே. அதன் இருண்ட மூலைகளிலும் ஒளி பட வேண்டும். பெரும்பாலும் இதே பருவத்தில் வரும் தவக்காலத்தில் கத்தோலிக்க அன்பர்கள் மேற்கொள்ளும் பாவசங்கீர்த்தனம், அதற்காக அமைந்த ஒரு சாதனை.

திருநீற்றுப் புதனன்று தவக்காலம் தொடங்குகிறது. உபவாசம், பிரார்த்தனை, தருமம் ஆகிய மூன்றும் அதன் தூண்கள். இவற்றோடு, குருவானவரிடம் தம் குற்றங்களைச் சொல்லி இறைவனின் மன்னிப்பைப் பெறுவதும் மரபு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதைச் செய்ய வேண்டும் என்று 1215-ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. அது குறைந்தபட்ச அளவே. சிறு குற்றங்களையும் அடிக்கடி அறிக்கையிடுவது நலம் என்பது திருச்சபையின் அறிவுரை.

தமிழுக்கும் இச்சாதனைக்கும் நெடுநாள் உறவு உண்டு. முத்துக்குளித்துறை மக்களிடையே தொண்டாற்றிய அண்டிரிக் அடிகளார், 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சிட்டார். அடுத்த இரண்டே ஆண்டுகளில், பாவசங்கீர்த்தனத்திற்கு வழிகாட்டும் நூலொன்றைக் கொச்சியில் தமிழில் வெளியிட்டார். தன் குற்றத்தைத் தன் தாய்மொழியிலேயே ஒருவன் ஆராய வேண்டும் என்பதன் அவசியத்தை இது உணர்த்துகிறது.

‘சங்கீர்த்தனம்’ என்ற சொல்லைக் கேட்டதும் இறைவனின் புகழைப் பாடுவதே நம் நினைவுக்கு வரும். இங்கோ அது தன் குற்றத்தை வாய்விட்டுச் சொல்வதைக் குறிக்கிறது. இன்று ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்ற பெயரும் வழங்குகிறது. இறைவனோடும் அயலாரோடும் முறிந்த உறவு மீண்டும் பொருந்துவதை இது சுட்டுகிறது.

‘இறைவன் அனைத்தும் அறிவான்; மனத்திற்குள் சொன்னால் போதாதா?’ என்று கேட்கலாம். மனத்திற்குள் நடக்கும் வழக்கில் குற்றவாளியும் நாமே, வழக்கறிஞரும் நாமே, நீதிபதியும் நாமே. தீர்ப்பு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை! ‘நான் பாவி’ என்று பொதுவாகச் சொல்வது எளிது. ‘இன்னாருக்கு உரிய கூலியைக் குறைத்துக் கொடுத்தேன்’ என்று பிறர் செவிபடச் சொல்வது கடினம். அந்தக் கடினத்தில்தான் அகங்காரம் உடைகிறது. கேட்ட குருவானவர் எக்காரணத்தாலும் அதை வெளியிடலாகாது என்ற கண்டிப்பான விதி, சொல்பவனுக்குத் துணிவு தருகிறது.

‘அதே குற்றத்தையே மீண்டும் மீண்டும் சொல்வதால் என்ன பயன்?’ என்பது அடுத்த ஐயம். தினமும் பெருக்கும் வீட்டில் தினமும் தூசி சேர்கிறது. அதற்காக எவரும் துடைப்பத்தை எறிவதில்லை. முறையாகச் செய்பவனுக்குத் தன் குற்றத்தின் வேர் மெல்ல மெல்லப் புலப்படுகிறது. கோபம் என்று நினைத்தது உண்மையில் பொறாமை என்று தெரிகிறது. நீண்ட இடைவெளி விடுபவனோ மறதியையே தூய்மை என்று எண்ணிவிடுகிறான்.

ஆயினும், சொல்லிவிட்டால் போதும் என்று இம்மரபு கூறவில்லை. ஆத்தும சோதனை, உண்மையான மனஸ்தாபம், இனிச் செய்யேன் என்ற உறுதி, குற்றங்களைச் சொல்லுதல், விதித்த பரிகாரத்தை நிறைவேற்றுதல் என ஐந்தும் சேர்ந்ததே நல்ல பாவசங்கீர்த்தனம். திருடிய பொருளைத் திருப்பித் தர மனமில்லாதவன் மன்னிப்பைக் கேட்பதில் பொருளில்லை.

எந்தச் சமயத்தைச் சார்ந்த சாதகருக்கும் இதில் பாடம் உண்டு. இன்றிரவு உறங்கும்முன் அன்றைய குற்றம் ஒன்றைப் பெயர் சொல்லி அடையாளம் காண்போம். அதனால் துன்புற்றவர் எவரோ, நாளை அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்போம். நாளை மறுநாளும் அவ்வாறே செய்வோம்.