காற்று எழுந்தால் கடல் குளிரும்: கேப் டவுனுக்குக் கைட்டோடு போகிறவர்களுக்கு

ராமேஸ்வரத்திலோ கற்பிட்டியிலோ கைட்சர்ஃபிங் பழகியவர்கள் ஓரளவு கை வந்ததும் அடுத்து விசாரிப்பது கேப் டவுனைப் பற்றித்தான். ஆசை நியாயமானது. 2013-இல் ‘கிங் ஆஃப் தி ஏர்’ போட்டி அங்கே வந்ததிலிருந்து, உயரத் தாவுகிறவர்களின் தலைநகரமாகவே அந்தக் கரை ஆகிவிட்டது. அதோடு, இது ஒதுக்குப்புறத் தீவு அல்ல, பெருநகரத்தின் கடற்கரை. சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி, மணலில் இறங்கி, கைட்டை ஊதிக் கிளம்பிவிடலாம்.

ஆனால் திட்டம் போடுகிறவர்கள் டிக்கெட் விலையைப் பார்க்கிறார்கள், காற்றைப் பார்க்கிறார்கள். தண்ணீரின் வெப்பநிலையைப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தாலும் நம்ப மனம் வருவதில்லை. டிசம்பரும் ஜனவரியும் அங்கே கோடை. கரையில் 27, 28 டிகிரி வெயில் அடிக்கும். எதிரே தண்ணீர் 11, 12 டிகிரியில் இருக்கும். நம் கடலில் 28 டிகிரியில் பழகிய உடம்புக்கு இது முற்றிலும் வேறு விளையாட்டு.

இந்தக் குளிருக்குக் காரணம், நீங்கள் தேடிப் போகிற அதே காற்றுதான். கோடையில் தென் அட்லாண்டிக்கின் உயர் அழுத்தம் தெற்கே நிலைகொண்டு தென்கிழக்குக் காற்றைத் தள்ளுகிறது. நகரத்தின் புழுக்கத்தையும் நோயையும் வாரிக்கொண்டு போகிறது என்று உள்ளூரில் அதற்கு ‘கேப் டாக்டர்’ என்று பெயர். தென் அரைக்கோளத்தில், பூமியின் சுழற்சியால், காற்று தள்ளும் மேல்நீர் காற்றின் திசைக்கு இடப்புறமாக விலகும். தெற்கிலிருந்து காற்று அடித்தால் மேற்கே, அதாவது கரையைவிட்டு ஆழ்கடல் பக்கம் நீர் போகும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். ஆகவே இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பலத்த காற்று அடித்தால் கடல் இன்னும் குளிரும். காற்று ஓய்ந்தால் சற்றுச் சூடேறும். நடுக்குளிர்காலத்தில் இந்தப் பக்கத் தண்ணீர் கோடையைவிட இதமாக இருக்கும் நாட்களும் உண்டு. ‘நல்ல காற்றும் வெதுவெதுப்பான தண்ணீரும்’ என்கிற நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். இந்தக் கரையில் அது அபூர்வம். உடை, நேரம், தூரம், எந்தக் கரை என்று எல்லாவற்றையும் இந்த ஒரு விஷயத்தை வைத்தே முடிவு செய்யுங்கள்.

எப்போது போவது? பருவம் நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை. கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி நடு வரை அறை வாடகை எகிறும், தண்ணீரில் கைட்டுக்குக் கைட் இடிக்கும். என் கணக்கில் நவம்பர் கடைசியோ பிப்ரவரியோதான் சரி: காற்றும் இருக்கும், மூச்சுவிட இடமும் இருக்கும். பத்து நாளுக்குக் குறைவாகப் போவதில் அர்த்தமில்லை. டாக்டரும் விடுப்பு எடுப்பார். நான்கைந்து நாள் சேர்ந்தாற்போல் காற்றே இல்லாமல் போவதும் உண்டு.

ஒரு நாளின் போக்கும் தெரிந்திருக்க வேண்டும். காலையில் பெரும்பாலும் மந்தம். மதியத்துக்கு மேல் காற்று ஏறும், சாயங்காலம் உச்சம். டிசம்பரில் இரவு 8 மணிவாக்கில்தான் சூரியன் மறையும் என்பதால் அவசரமே வேண்டாம். புதிதாகப் போகிறவர்கள் காற்று ஏறத் தொடங்கும் முதல் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிட்டு, மாலையில் கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் தாவுவதை வேடிக்கை பார்க்கலாம். அதுவே ஒரு பாடம். விரிகுடாவுக்கு அக்கரையில் டேபிள் மலை தெரியும். அதன் உச்சியில் வெள்ளை மேகம் விரித்த துணி போலப் படிந்து விளிம்பில் வழியத் தொடங்கினால் தென்கிழக்குக் காற்று வலுக்கிறது என்று பொருள். செயலியில் எண்ணைப் பார்த்த பிறகு மலையையும் ஒருமுறை பாருங்கள்.

இனி வெட்சூட். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 4/3 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்: உடம்புப் பகுதியில் 4 மில்லிமீட்டர், கை கால்களில் 3. உள்ளூர்க்காரர்களில் சிலர் 3/2 போட்டுக்கொண்டு திரிவார்கள். அவர்களைப் பார்த்து ஏமாற வேண்டாம், அவர்கள் உடம்பு அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்தது. தடிமனைவிட முக்கியம் அளவு. இடுப்பின் பின்பக்கம், கழுத்து, அக்குள் ஆகிய மூன்று இடங்களில் விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி போல மடிப்பு எழுந்தால் அந்தச் சூட் உங்களுக்குப் பெரிது. ஒவ்வொரு முறை விழும்போதும் அந்த இடைவெளி வழியே குளிர்நீர் உள்ளே பாய்ந்து வெளியேறும். 5 மில்லிமீட்டர் போட்டாலும் பயனில்லை. போடும்போதே மூச்சு வாங்க வேண்டும், போட்டபின் கையைத் தலைக்கு மேல் தூக்க முடிய வேண்டும். பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு காலை நுழைத்தால் பாதிச் சண்டை குறையும்.

நெஞ்சுப் பகுதி வழவழப்பாக இருக்கும் ரகத்தைத் தேர்ந்தெடுங்கள். துணி ஒட்டிய ரகம் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 25 நாட் காற்றில் அந்த ஈரம் ஆவியாக ஆவியாக உடம்பின் சூட்டை உறிஞ்சும். அலைச்சறுக்குக்காரர்கள் தண்ணீரில் படுத்துக் கிடப்பவர்கள். கைட்காரர் நாள் முழுக்கக் காற்றில் நிற்கிறார். அதனால் கடைக்காரர் சர்ஃபிங் சூட்டை நீட்டினால் இதைச் சொல்லிக் கேளுங்கள். மேலே ஓர் இம்பாக்ட் வெஸ்ட் போட்டால் விழும் அடியும் குறையும், மிதப்பும் கிடைக்கும், நெஞ்சுக்குச் சூடும் மிஞ்சும். கையுறை பெரும்பாலும் வேண்டாம்; அதைப் போட்டால் பாரை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும், முன்கை சீக்கிரம் தளரும். காலுக்கு நியோப்ரீன் பூட் போடுவதென்றால் போர்டின் ஸ்டிராப்பை ஊரிலேயே தளர்த்திப் பழகிவிடுங்கள்.

சூட்டின் எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. வெயிலில் சூட்டை முழுதாகப் போட்டுக்கொண்டு கைட்டுக்குப் பம்ப் அடித்தால் பத்து நிமிடத்தில் வியர்த்து ஊற்றும். இடுப்பு வரை மட்டும் ஏற்றிக்கொண்டு வேலையை முடித்து, இறங்கும் முன் ஜிப்பை இழுங்கள்.

தண்ணீருக்குள் என்ன நடக்கும்? 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென்று விழுந்தால் முதலில் மூச்சு இரைக்கும். விருப்பமில்லாமலே வாய் திறந்து காற்றை இழுக்கும். அந்த நேரத்தில் அலை முகத்தில் அடித்தால் ஆபத்து. ஆகவே கைட்டை மாட்டுவதற்கு முன்பே கரையோரத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி, முகத்தை நனைத்து, கழுத்து வழியே கொஞ்சம் நீரை உள்ளே விட்டு, மூச்சு சீராகும்வரை நில்லுங்கள். குளிர்நீர் ஆய்வில் பேர்பெற்ற கனடா விஞ்ஞானி கார்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார்: மூச்சை வசப்படுத்த 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். இது சூட் இல்லாமல் உறைநீரில் விழுந்தவருக்கான கணக்கு. சூட்டோடு உங்களுக்கு அவகாசம் அதிகம். ஆனால் வரிசை மாறாது. முதலில் கைவிடுவது விரல்கள்தான்.

விரலைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்றால், உங்கள் உயிர் அதில்தான் இருக்கிறது. ஹார்னஸ் கொக்கிக்கு மேலே இருக்கும் க்விக் ரிலீஸைத் தள்ளிவிட இரண்டு விரலின் பலம் போதும் என்று நினைத்திருப்பீர்கள். மரத்துப்போன கை அதைத் தொடும், ஆனால் தொடுவது தெரியாது. தள்ளும், ஆனால் போதிய வேகம் இருக்காது. அதன் இடுக்கில் மணல் புகுந்திருந்தால் தொலைந்தது. வீட்டில் ஒரு பாத்திரத்தில் ஐஸ் நீர் வைத்து, கையை மூன்று நிமிடம் முக்கி எடுத்து, ஹார்னஸை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி ரிலீஸைத் தட்டிப் பழகுங்கள். லீஷின் ரிலீஸையும் அப்படியே. கேப் டவுனில் ஒவ்வொரு நாளும் இறங்கும் முன் நல்ல தண்ணீரில் அதை அலசி, ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள். சட்டைப் பொத்தானைப் போட முடியாத அளவுக்கு விரல் மரத்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. இன்னும் ஒரே ஒரு ரவுண்டு என்ற ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

அடுத்து இடம். டேபிள் வியூ, புளூபெர்க் கரையில் தெற்கிலிருந்து வடக்காகச் சொன்னால் சன்செட் பீச், டால்ஃபின் பீச், கைட் பீச், அதற்கப்பால் புளூபெர்க்ஸ்ட்ராண்டின் பாறைகள், பிறகு பிக் பே. கடலைப் பார்த்து நின்றால் காற்று இடது கையிலிருந்து கரையை ஒட்டி வீசும். காற்று தெற்காக இருந்தால் சுத்தமாக வரும். கிழக்காகத் திரும்பினால் நகரத்தைத் தாண்டித் துண்டு துண்டாக, கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். அன்று இறங்காமல் இருப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. எதிரே கிட்டத்தட்ட 7 கிலோமீட்டரில் ராபன் தீவு தெரியும். பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும்; அந்தப் பக்கம் அடித்துச் செல்லப்பட்டால் தேட ஆள் வர வேண்டியிருக்கும்.

முதல் நாள் டால்ஃபின் பீச்சில் தொடங்கலாம். கரை அகலம், காற்றின் போக்கில் கொஞ்சம் ஒதுங்கினாலும் கீழே மணல்தான். கைட் பீச்சில் கரையோர அலை மடங்கி அடிக்கும். போர்டில் ஏறுவதற்குள் கைட்டைக் கீழே போட்டால் அலை லைன்களைச் சுருட்டிவிடும். அங்கிருந்து வடக்கே இழுத்துப் போனால் புளூபெர்க்ஸ்ட்ராண்டின் பாறையும் கெல்ப் பாசியும். பிக் பேயில் அலைச்சறுக்குக்காரர்களும் நீச்சல்காரர்களும் இருப்பார்கள். அலைமேல் இருப்பவருக்கு வழிவிடுங்கள். இன்னும் வடக்கே மெல்க்போஸ் வரை காற்றோடு போகிறவர்கள் உண்டு. அதற்கப்பால் கோபெர்க் அணுமின் நிலையம், நெருங்கக் கூடாத இடம். மெல்க்போஸ் வரை போகிறவர்கள் தனியாகப் போவதில்லை, வடக்கே வண்டியும் நிறுத்தியிருப்பார்கள். சொட்டச் சொட்ட நனைந்த ஆளை எந்த டாக்சிக்காரர் ஏற்றுவார்?

எதிர்க்காற்றில் ஏறி, கிளம்பிய இடத்துக்கே திரும்ப வரத் தெரியாதவர்களுக்கு இந்தக் கரை இல்லை. இதை வெளிப்படையாகச் சொல்வது நல்லது. அவர்கள் வடக்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் லாங்கெபான் காயலுக்குப் போகட்டும். ஆழம் குறைந்த இடங்களில் தண்ணீர் சற்று இதமாகவும் சமமாகவும் இருக்கும். ஒரு பகுதி தேசியப் பூங்காவுக்குள் வருவதால் கைட்டுக்கு ஒதுக்கிய எல்லையைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். நன்றாகத் தெரிந்தவர்களும் முதல் மூன்று நாளை அங்கே கழித்துவிட்டு நகரத்துக்கு வந்தால் குளிருக்குப் பழகிவிடும்.

கைட் எத்தனை மீட்டர்? 75 கிலோ எடைக்காரருக்கு 9 மீட்டர்தான் தினசரி வேலைக்காரன், காற்று எகிறும் நாளுக்கு 7. நம் ஊரில் அன்றாடம் எடுக்கும் 12-ஐத் தூக்கிப் போவது பெரும்பாலும் விமானத்துக்குச் சுமை. காற்று 20 முதல் 35 நாட் வரை போகும் ஊர் இது. சந்தேகம் வந்தால் சிறியதை எடுங்கள். விமானத்தில் எடையைவிட நீளம்தான் தகராறு. உங்கள் போர்டுப் பையின் நீளத்தை அளந்து, விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலைக் கையில் வைத்திருங்கள்.

உதவிக்கு வரும் அமைப்பு என்எஸ்ஆர்ஐ, தென்னாப்பிரிக்காவின் கடல் மீட்புத் தொண்டர் படை. அவர்களுடைய ‘சேஃப்டிஆர்எக்ஸ்’ செயலியை இறக்கி, நீர் புகாத உறையில் போனை வைத்துக்கொள்ளுங்கள். அலைபேசியில் 112 அழைத்தாலும் அவசர உதவி கிடைக்கும். கைட் விழுந்து ஐந்து நிமிடத்தில் எழவில்லை என்றால், இன்னும் ஒரு முறை இன்னும் ஒரு முறை என்று இழுக்காமல், விரல் வேலை செய்யும்போதே லைன்களைப் பாரில் சுற்றிக்கொண்டு கைட்டை அடைந்து அதைப் பாயாகப் பிடித்துக் கரையேறப் பாருங்கள். போர்டு போனால் போகட்டும்.

நகர விஷயங்களில் அதிகம் சொல்வதற்கில்லை. வண்டியில் கண்ணுக்குத் தெரியும்படி எதையும் விடாதீர்கள். சாவியை டயர் மேல் ஒளித்துவைக்கும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிடுங்கள். விசா முன்கூட்டியே வாங்க வேண்டும். எத்தியோப்பியா, கென்யா வழியாகப் போய் அங்கே விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசியைப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். பயணக் காப்பீட்டில் கைட்சர்ஃபிங் என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். ‘நீர் விளையாட்டுகள்’ என்று பொதுவாக இருந்தால் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. விமானம் மறுநாள் காலை என்றால், முந்தைய நாள் மாலைக் காற்றுக்கு ஆசைப்படாமல் மதியமே கரையேறிவிடுங்கள். 4/3 சூட் நிழலில் உலர ஓர் இரவு போதாது. ஈரத்தோடு மடித்தால் இரண்டு மூன்று கிலோ கூடி, பையின் எடைக்கு அபராதம் கட்ட நேரும். அதையும் மீறி இறங்குகிறவர்கள், சூட்டைத் திருப்பிப் போட்டுக் குளியலறைத் தொட்டியின் மேல் தொங்கவிட்டு, தூங்கும் முன் ஒருமுறை துண்டில் சுருட்டி மிதித்துப் பிழியுங்கள்.