கையெழுத்து போட்டால் போதாது

ஒரு வியாபாரி எழுத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு நிறைவேற்றாவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது. ஓர் அரசாங்கம் வாக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் யார் கேட்பது? ஜீ.எஸ்.பி. பிளஸ் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், "நமது சட்டத்தைப் பற்றிப் பேச ஐரோப்பாக்காரனுக்கு என்ன உரிமை?" என்று மாத்தளைக் கடைத்தெருவில் என்னிடம் கேட்பவர்கள் பலர். அவர்கள் தமது சொந்த அங்கத்துவ நாடுகளை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பார்த்தால் பதில் விளங்கும்.

பணிப்புரை என்றால் என்ன?

ஐரோப்பிய ஒன்றியம் வெளியிடும் பணிப்புரை ஓர் இலக்கையும் ஒரு தவணையையும் சொல்லும். அந்தத் தவணைக்குள் ஒவ்வொரு நாடும் அதற்கேற்பத் தனது சட்டத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். தவறினால் ஐரோப்பிய ஆணைக்குழு முதலில் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பும். பதில் திருப்தி தராவிட்டால் காரணங்களைக் காட்டி இரண்டாவது அறிவித்தல் போகும். அதற்கும் அசையாவிட்டால் லக்ஸம்பேர்க்கிலுள்ள நீதிமன்றத்தில் வழக்கு. தீர்ப்பையும் மதிக்காத நாட்டுக்குத் தண்டப்பணம் விதிக்கும் அதிகாரம் 1993 முதல் உண்டு.

அப்படி முதலில் அகப்பட்டது கிரேக்கம். கிரீட் தீவில் ஆற்று வாயிலருகே குப்பை கொட்டியதற்கு எதிராக 1992-இல் தீர்ப்பு வந்தது. குப்பை கொட்டுவது நிற்கவில்லை. 2000 ஜூலை 4-ஆம் திகதி, நாளொன்றுக்கு 20,000 யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. எட்டு வருடம் மூடப்படாத குப்பைமேடு அடுத்த வருடமே மூடப்பட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமானது இத்தாலியின் கதை. முதலாளி முறிந்துபோனால் தொழிலாளரின் சம்பள நிலுவைக்கு உத்தரவாதம் இருக்க வேண்டும் என்பது 1980-ஆம் ஆண்டுப் பணிப்புரை. தவணை 1983 ஒக்டோபர். இத்தாலி எதுவும் செய்யவில்லை. 1989-இல் நீதிமன்றம் கண்டித்தது. அப்போதும் சட்டம் வரவில்லை. சம்பளம் கிடைக்காத பிரான்கோவிச் என்ற தொழிலாளியும் வேறு சிலரும் அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். பணிப்புரையைச் சட்டமாக்காததால் குடிமகனுக்கு நட்டம் வந்தால் அரசு ஈடு கொடுக்க வேண்டும் என்று 1991 நவம்பர் 19-இல் தீர்ப்பானது. இரண்டு மாதத்தில் இத்தாலியில் சட்டம் வந்தது.

நமது நாட்டின் கணக்கு

இலங்கை அங்கத்துவ நாடல்ல. அந்த நீதிமன்றம் நம்மை அழைக்க முடியாது. ஆனால் ஜீ.எஸ்.பி. பிளஸ் ஒரு நிபந்தனைச் சலுகை. 27 சர்வதேச சமவாயங்களை ஏற்று, நடைமுறைப்படுத்துவதாக நாமே விண்ணப்பித்து 2005-இல் பெற்றோம். 2008 ஒக்டோபரில் அவர்கள் விசாரணை தொடங்கினார்கள். சிவில், அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடை, சிறுவர் உரிமை ஆகிய மூன்று சமவாயங்களும் சரிவர நடைமுறையில் இல்லை என்று 2009-இல் அறிக்கை வந்தது. 2010 ஓகஸ்ட் 15-இல் சலுகை நின்றது. திரும்பக் கிடைத்தது 2017 மே 19-இல்.

அந்த இடைக்காலத்தில் 100 யூரோ பெறுமதியான ஆடைக்கு 9.60 யூரோ தீர்வை. அதைக் கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர்தான். ஆனால் அவர் நமது தொழிற்சாலையிடம் விலையைக் குறைக்கச் சொல்வார். இல்லையேல் தீர்வையில்லாமல் அனுப்பக்கூடிய பங்களாதேஷுக்குப் போவார். நான் வாங்கி விற்கும் முழு மிளகுக்கு ஐரோப்பாவில் எப்படியும் தீர்வை கிடையாது. அதனால் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. ஆடைத் தொழிற்சாலைக்குப் போன பிள்ளைகள் அனுப்பும் காசு நமது ஊர்க் கடைகளில்தான் புழங்குகிறது.

காகிதத்தில் சட்டம் இருப்பதும் போதாது. 1980-இல் ஏற்ற சிவில், அரசியல் உரிமைச் சமவாயத்துக்கு 2007-இல்தான் இங்கு 56-ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதிலும் எல்லா உரிமைகளும் இடம்பெறவில்லை. 2019 மேயில் ஹசலகவில் கப்பல் சுக்கான் படம் போட்ட உடையைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்ததும் இதே சட்டத்தின் கீழ்தான். இரண்டு வாரத்துக்கு மேல் அவர் மறியலில் இருந்தார். உரிமையைக் காக்க வந்த சட்டம் எந்தப் பக்கம் திரும்பியது என்று பாருங்கள். 2021 ஜூன் 10-இல் ஐரோப்பியப் பாராளுமன்றம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, சலுகையை மீண்டும் நிறுத்துவது பற்றி ஆராயுமாறு கேட்டது.

ஆகவே வியாபார சகோதரர்களுக்கு இரண்டு விடயங்கள். முதலாவது, சலுகையை நம்பி விலை பேசினால், சலுகை நின்றால் தீர்வை யார் தலையில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். சலுகை நமது சொத்தல்ல. இரண்டாவது, பாராளுமன்ற உறுப்பினர் ஊருக்கு வந்தால் பாதையும் பாலமும் மட்டும் கேட்காதீர்கள். கையெழுத்திட்ட சமவாயம் எந்தச் சட்டமாயிற்று, அது எப்படி நடக்கிறது என்றும் கேளுங்கள். இத்தாலித் தொழிலாளிக்குப் போய்க் கேட்க ஒரு நீதிமன்றம் இருந்தது. நமக்கு அந்த நீதிமன்றம் இல்லை. ஆகையால் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.