கவனம் எங்கே போகிறது?



போன மாதம் 28ஆம் தேதி காலையில், செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் இடது கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார். அரிவாளைத் தீட்டும்போது வழுக்கிவிட்டதாம். ஐந்து தையல். இருபது வருஷமாக அதே வேலையைச் செய்கிறவர். கூட வந்த மண்டோர், "கவனம் எங்கய்யா போச்சு உனக்கு?" என்று கடிந்துகொண்டார். நானும் சும்மா இருக்கவில்லை. "பார்த்து வேலை செய்யக்கூடாதா அண்ணே" என்று என் பங்குக்கு ஒன்று சொல்லி வைத்தேன்.

தையல் போடும்போது அவரே பேசினார். கூட்டுப் பணம் இரண்டு மாதம் பாக்கி. மகளுக்குப் பள்ளிச் செலவு. மனைவியின் சங்கிலி ஈப்போவில் அடகுக் கடையில் இருக்கிறது, தவணை நெருங்குகிறது. "கல்லுல அரிவாள் ஓடுது ஐயா, மனசு கணக்குப் போடுது" என்றார்.

அவர் சொன்னது வெறும் சாக்குப்போக்கு அல்ல. தமிழ்நாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆராய்ச்சி அது. நம் தாத்தா பாட்டிமார் பலர் கப்பலேறி வந்த பழைய வடஆற்காடு, தென்னாற்காடு சீமைதான். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் 2013ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் அதை வெளியிட்டார்கள்.

கரும்புக்காரருக்குப் பணம் வருவது வெட்டு முடிந்த பிறகுதான். அதற்கு முந்திய மாதங்களில் கை வறண்டுவிடும். அந்த விவசாயிகளில் 100க்கு 78 பேர் வெட்டுக்கு முன் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் 4 பேர்தான். ஒரே ஆளுக்கு வெட்டுக்கு முன்னும் பின்னும் அறிவுச் சோதனை வைத்தார்கள். ஆள் அதே ஆள், மூளையும் அதே மூளை. ஆனால் வெட்டுக்கு முன் தப்பு அதிகம், பதில் சொல்லவும் நேரம் பிடித்தது. சாப்பாடு குறைந்ததாலா, வேலைக் களைப்பாலா என்றும் பார்த்தார்கள். அவை காரணமில்லை. காசு போதாத கவலையே மனசில் பெரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, மிச்சமிருக்கும் இடத்தில்தான் மற்ற வேலை நடக்கிறது என்பது அவர்கள் முடிவு.

அதில் ஒரு சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். ஒரு தாளில் '5 5 5' என்று எழுதிக் காட்டி, எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேளுங்கள். பதில் மூன்று. ஆனால் வாய் ஐந்து என்று சொல்ல ஓடி வரும். '2 2 2 2', '4 4', '1 1 1' என்று விதவிதமாக எழுதி, வேகமாகச் சொல்ல வேண்டும். சம்பளம் வாங்கிய மறுநாள் ஒரு முறை, 27ஆம் தேதி வாக்கில் ஒரு முறை செய்து பாருங்கள். (பிள்ளைகள் நம்மைவிட வேகமாகச் சொல்வார்கள், வருத்தப்படாதீர்கள்.)

என் அம்மா பால்வெட்டுக்காரர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனவர். பட்டையைச் சீவும்போது கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரம் காயப்பட்டுவிடும். புதுப்பட்டை வளரும்போது அந்த இடம் முண்டும் முடிச்சுமாக நிற்கும். "வீட்டுல எந்த மாசம் கஷ்டம்னு மரத்தைப் பார்த்தாலே தெரியும்டா" என்பார். ஜெலாப்பாங் பக்கம் அந்த மரங்களெல்லாம் போய், வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன.

என் கதையையும் சொல்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரம் அது. மாத்திரை எண்ணும்போது ஜன்னலில் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பி வந்து ஒரு வேளைக்கு ஒன்று என்பதை இரண்டு என்று உறையில் எழுதிவிட்டேன். வழக்கமாக அந்த மாத்திரை சாப்பிடும் பாட்டிதான், "என்னய்யா, இந்தத் தடவை ரெட்டிப்பா இருக்கு?" என்று கேட்டார். கேட்காமல் போயிருந்தால்? அன்றைக்கு யாராவது என்னைச் சோம்பேறி என்று சொல்லியிருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்! அதிலிருந்து மாத்திரையை நோயாளி முன்னாலேயே வாய்விட்டு எண்ணித்தான் கொடுக்கிறேன்.

லயத்தில் நாம் செய்வது வேறு. ஒருவன் எதிரில் வந்தும் பேசாமல் போனால், "கண்டும் காணாத மாதிரி போறான், தலைக்கனம்" என்கிறோம். அவன் நம்மைப் பார்த்திருக்கவே மாட்டான். கண் திறந்திருக்கும், மனசு அடகுக் கடையில் நிற்கும். அதே நிலையில் நாம் போனால் மட்டும், "என்ன செய்றது, கவலை" என்று நமக்கு நாமே நியாயம் சொல்லிக்கொள்வோம். வீட்டில் பிள்ளையை அடிப்பதும் பெரும்பாலும் அந்தக் கடைசி வாரத்தில்தான். காயத்தோடு வரும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். அதற்கு முந்திய பத்து நாள்தான் ஆபத்தான நாட்கள். அந்த நாட்களில் ஆலோங்கிடமோ தவணைக் கடையிலோ கையெழுத்துப் போடாதீர்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். களைக்கொல்லி கலப்பவர்கள் அளவை மனக்கணக்கில் போடாமல், எழுதி வைத்துப் பார்த்து ஊற்றுங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் மாத்திரையைத் தேத்தண்ணி டப்பாவோடு வையுங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை, டப்பாவைத் திறந்தால் மாத்திரை கண்ணில் படும். மாதக் கடைசியில் மாத்திரை மறந்து மயங்கி வருகிறவர்கள் எனக்குப் புதிதல்ல.

மண்டோர்களுக்கும் ஒரு வார்த்தை. அரிவாளையும் உளியையும் தீட்டும் வேலையை அவசரத்தில் செய்யவிடாதீர்கள். பெரட்டு முடிந்ததும் "வீட்ல எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்க அரை நிமிஷம் போதும்.

அந்த அண்ணன் தையல் பிரிக்க 8ஆம் தேதி வந்தார். சங்கிலியை மீட்கவில்லை, வட்டி மட்டும் கட்டியிருக்கிறார். மேசையில் கிடந்த என் எண் தாளை எடுத்து, எட்டு வரிசையையும் தப்பில்லாமல் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, "28ஆம் தேதி கேட்டிருக்கணும் ஐயா" என்றார்.