ஒரு சொல் கற்போம்: "மைல்ட்"



இந்த முறை நாம் படிக்கப்போகும் இங்கிலீஷ் சொல் "மைல்ட்". சின்னச் சொல்தான். ஆனா ஆஸ்பத்திரித் துண்டிலும் சவர்க்கார உறையிலும் அடிக்கடி வரும். கடைசியில் உள்ள "ட்" கேட்கும்படி சொல்லணும். அதை விட்டால் தூரத்தைக் காட்டும் "மைல்" ஆகிவிடும்.

பொருள்: இலேசான, கடுமை இல்லாத. பச்சைப்பிள்ளைக்குப் போடுவது மைல்ட் சோப். காரம் குறைந்தது மைல்ட் கறி. ஜூலை முதல் செப்டம்பர் வரை வரண்ட காற்றில் பறிக்கிற ஊவாத் தேயிலையை மட்டும் யாரும் மைல்ட் என்று சொல்ல மாட்டார்கள். அதன் மணமும் விறுவிறுப்பும் அப்படி!

நோய்க்கு மூன்று படி உண்டு: மைல்ட், மொடரேட், சிவியர். அதாவது இலேசு, நடுத்தரம், கடுமை. இரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் இரத்தசோகை. 11 முதல் 11.9 வரை மைல்ட், 8 முதல் 10.9 வரை மொடரேட், 8க்குக் கீழே சிவியர். கர்ப்பிணிகளுக்கு அளவு வேறு.

"மைல்ட்தானே" என்று துண்டை மடித்து வைத்துவிடாதீங்க அக்காமாரே. மைல்ட் என்றால் "ஒன்றுமில்லை" என்று அர்த்தமில்லை. "இப்பவே கவனித்தால் சுலபம்" என்றுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கொடுத்த இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காகப் போடுங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள்.

இன்னொரு விசயம். சிறு மழையை இங்கிலீஷில் மைல்ட் என்பதில்லை, "லைட் ரெயின்" என்பார்கள். பெயர் லைட் ஆனாலும், விடாமல் பெய்தால் மலை ஊறிவிடும். 2014 அக்டோபர் 29 காலையில் மீரியபெத்த லயங்களை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினாலே முதற்கட்ட எச்சரிக்கை, மஞ்சள். அடுத்தது செம்மஞ்சள், வெளியேறத் தயாராகணும். சிவப்பு என்றால் உடனே வெளியேறணும். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று கண்டால் நிறத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

பயிற்சி: பிள்ளைகளோடு உட்கார்ந்து இவற்றை இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள்.
1. இலேசான காய்ச்சல்
2. காரம் குறைந்த கறி
3. கடுமையான தலைவலி

விடை: மைல்ட் ஃபீவர், மைல்ட் கறி, சிவியர் ஹெடேக்.