ஹெல்மெட் இருக்கும்போது மவுத் கார்டு எதற்கு?

கேள்வி: நான் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் புதியவர்களுக்கான பைக் பந்தயங்களில் ஓட்டுகிறேன். அடுத்து, மண்மேடுகளைத் தாவிப் பறக்கும் சூப்பர்கிராஸ் பழகலாம் என்று ஆசை. முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட் போட்ட பிறகும் சிலர் வாய்க்குள் மவுத் கார்டு வைத்துக்கொள்கிறார்கள். “அது தலைக்காயத்தைத் தடுக்கும்” என்கிறார் ஒரு நண்பர். “வாய்தான் மூடியிருக்கிறதே, வீண் செலவு” என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அருமையான கேள்வி. குத்துச்சண்டை வீரருக்கு இந்தச் சந்தேகமே வராது. எதிராளியின் கை எங்கே வந்து விழும் என்று அவருக்குத் தெரியும். ஹெல்மெட் போட்டவருக்குத்தான் இது வரும், வரவும் வேண்டும். உங்கள் நண்பர்கள் இருவரும் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இருவர் சொன்னதும் சரியல்ல.

முதலில் “வீண் செலவு” என்ற கருத்தைப் பார்த்துவிடுவோம். ஹெல்மெட்டில் வாய்க்கு நேராக வளைந்து வரும் பகுதிக்குச் சின் பார் என்று பெயர். முகவாயைக் காக்கும் வளைவு. தரை, தெறிக்கும் கல், ஹேண்டில்பார் ஆகியவை முகத்தில் நேரடியாக மோதாமல் அது தடுக்கிறது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் உங்கள் மேல்வரிசைப் பற்களை உடைக்கக்கூடிய பொருள் ஒன்று ஹெல்மெட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. உங்கள் கீழ்வரிசைப் பற்கள்தான் அது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரண்டு காதுகளுக்கும் சற்று முன்னால் விரல்களை வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஒரு குமிழ் முன்னே போய்ப் பின்னே வருவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. மண்டையோட்டோடு கீழ்த்தாடை ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. இந்த இரண்டு மூட்டுகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள தசைகளிலும்தான் தொங்குகிறது. அதனால் தலை சட்டென்று நிற்கும்போது தாடை அதே கணத்தில் நிற்பதில்லை.

சூப்பர்கிராஸில் மேட்டிலிருந்து பறந்து இறங்கும்போது என்ன நடக்கிறது? மூச்சு வாங்குவதால் வாய் பாதி திறந்திருக்கும். சக்கரம் தரையைத் தொட்டு சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது, தாடை ஒரு கணம் கீழே இழுபடும். கன்னத்தில் இருக்கும் மெல்லும் தசை இப்படித் திடீரென்று இழுபட்டால் தானாகவே சுருங்கி வாயை மூடும். டாக்டர் முழங்காலில் தட்டினால் கால் உதறுகிறதே, அதே வகை அனிச்சைச் செயல் இது. நீங்கள் நினைத்துத் தடுக்க முடியாது. அந்த இறக்கத்தில் தலை குனிந்து ஹெல்மெட்டின் கீழ் விளிம்பு மார்புக் கவசத்தில் இடித்தால் இன்னும் மோசம். முகவாய்க்கு அடியில் இறுக்கிய ஸ்ட்ராப்பும் தாடையைச் சேர்த்து இழுக்கும்.

தார்த் தடத்தில் இதற்கு இணையான ஆபத்து ஹைசைட். வழுக்கிக்கொண்டிருந்த பின்சக்கரம் திடீரென்று பிடிமானம் பெற்று, ஓட்டுபவரை மேலே தூக்கி எறியும் விபத்து அது. எறியப்பட்டவர் எந்தப் பக்கம் விழுவார் என்று சொல்ல முடியாது. முகவாய்ப் பக்கம் விழுந்தால் சின் பார் தோலையும் உதட்டையும் காப்பாற்றும். ஆனால் அதிர்ச்சியில் ஒரு பங்கு தாடை வழியாகப் பற்களுக்கும் மூட்டுக்கும் போகும்.

விளைவு பெரும்பாலும் கடைவாயில் தெரியும். கடைவாய்ப் பல்லை நாக்கால் தடவிப் பாருங்கள். மேற்பரப்பில் சிறு முகடுகள் தட்டுப்படும். அவை ஒன்றோடொன்று மோதும்போது ஒரு முகடு பெயர்ந்துவிடலாம், அல்லது கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். பல்லின் மேலுறையான எனாமல்தான் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அது நொறுங்கும் தன்மையும் கொண்டது. அதில் உயிரணுக்கள் இல்லாததால் மறுபடி வளராது. கையெலும்பு முறிந்தால் கூடிவிடும். போன எனாமல் போனதுதான். பற்களுக்கு நடுவே நாக்கு மாட்டினால் ரத்தம் நிறையப் போகும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் வாயில் ரத்தம் பெருகுவது ஆபத்தானது.

அடி பலமாக இருந்தால் தாடை மூட்டே முறியும். அணிவகுப்பில் நெடுநேரம் அசையாமல் நிற்கும் சிப்பாய் மயங்கி, கையை ஊன்றாமல் முகவாய் தரையில் மோத விழுவதுண்டு. அப்போது முகவாய் நடுவிலும் இரு காதருகிலும் எலும்பு முறியும். இந்த முறிவுக்கு மருத்துவப் புத்தகங்களில் அந்தக் காவல் சிப்பாயின் பெயரையே வைத்திருக்கிறார்கள். முகவாயில் விழுந்த அடி காது வரை போகும் என்பதற்கு இதுவே சான்று. இத்தகைய முறிவை மவுத் கார்டு முழுவதுமாகத் தடுத்துவிடும் என்று எண்ண வேண்டாம். அதன் முதல் வேலை பற்களையும் நாக்கையும் கன்னத்தின் உட்பகுதியையும் காப்பது.

அதை எப்படிச் செய்கிறது? வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்கிறோம். பந்து நிற்க எடுக்கும் நேரம் கூடுவதால் கையில் விழும் விசை குறைகிறது. மேல்பல், கீழ்பல் நடுவே இருக்கும் மெத்தென்ற அடுக்கும் அமுங்கி அந்த நேரத்தைக் கூட்டுகிறது. அத்துடன், ஒரு முகட்டின் மேல் விழ வேண்டிய விசையைப் பல பற்களுக்குப் பங்கிடுகிறது.

இனி தலைக்காயம். கன்கஷன் என்பது மண்டைக்குள் மூளை குலுங்குவதால் வரும் பாதிப்பு. தலை வேகமாகச் சுழன்று நிற்கும்போது அது அதிகம் ஏற்படுகிறது. பல்லுக்கு நடுவே உள்ள சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கால் தலையின் சுழற்சியை நிறுத்த முடியாது. ஐஸ் ஹாக்கி ஆடும் பிள்ளைகளிடம் மவுத் கார்டு கன்கஷனை ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதை வைத்து பைக் பந்தயத்திலும் தலையைக் காக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தலைக்கு ஹெல்மெட், பல்லுக்கு மவுத் கார்டு. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. மவுத் கார்டு போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் தலையில் அடிபட்ட பிறகு மறுபடி பைக்கில் ஏறுவது பெரும் தவறு. மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை ஏறவே கூடாது.

எதை வாங்குவது? விளையாட்டுப் பொருள் கடையில் ஒரே அளவாகக் கிடைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். அது பல்லில் பொருந்தி நிற்காது. கடித்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், மூச்சுக்கும் இடைஞ்சல். அடுத்தது, வெந்நீரில் போட்டு இளக்கி, வாயில் வைத்துக் கடித்துப் பொருத்துவது. இதில் ஒரு குறை உண்டு. இளகியிருக்கும்போது அழுத்திக் கடித்தால் கடைவாய்ப் பக்கம் மெலிந்துவிடும். குத்துச்சண்டைக்காரருக்கு முன்பல் முக்கியம். உங்களுக்குக் கடைவாய்தான் முக்கியம். மெலியக்கூடாத இடத்திலேயே மெலிந்துவிடுகிறது.

ஆகவே பல் மருத்துவரிடம் அளவு கொடுத்துச் செய்துகொள்வதே நல்லது. மேல்பற்களுக்கு அச்செடுத்து, பிளாஸ்டர் மாதிரி வார்த்து, அதன் மேல் ஈ.வி.ஏ. என்ற மெத்தென்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கிப் படிய வைப்பார்கள். கடிக்கும் பரப்பில் 3 மி.மீ. அளவுக்குத் தடிமன் நிற்கும்படி கேளுங்கள். 4 மி.மீ.க்கு மேல் போனால் பாதுகாப்பு பெரிதாகக் கூடுவதில்லை, தொந்தரவுதான் கூடும். கீழ்பற்கள் எல்லாம் அதன் மேல் சமமாகப் படிகின்றனவா என்று அங்கேயே கடித்துப் பார்த்து வாங்குங்கள். பற்களில் கம்பி போட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சரியாகப் பொருந்தியதா என்பதை மூன்று விதமாகச் சோதிக்கலாம். வாயைத் திறந்தால் விழக்கூடாது, போட்டுக்கொண்டு பேசினால் எதிரில் இருப்பவருக்குப் புரிய வேண்டும், படியேறி மூச்சு வாங்கும்போதும் தடை தெரியக்கூடாது. ஹெல்மெட்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு பயிற்சி ஓட்டங்களில் பழகிய பிறகே பந்தயத்துக்குப் போடுங்கள்.

பயன்படுத்தியதும் குளிர்ந்த நீரில் கழுவி, காற்றுத் துளை உள்ள டப்பாவில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் வடிவம் மாறிவிடும். கடித்துக் கடித்துப் பள்ளம் விழுந்தாலோ கிழிந்தாலோ புதிது செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. வாயில் மவுத் கார்டு இருப்பதை உங்கள் குழுவினரிடமும் தடத்தில் இருக்கும் மருத்துவக் குழுவிடமும் ஓட்டத்துக்கு முன்பே சொல்லிவையுங்கள். நீங்கள் நினைவிழந்து கிடந்தால், மூச்சுப்பாதையைப் பார்க்கும்போது அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அதுதான்.